ஒரு கை பூந்தி

போன மாதம் எங்கள் பழைய பள்ளிக்கூடத்துக்கு அரசாங்கத்திலிருந்து ஓர் அறிவியல் பெட்டி வந்ததாம். கண்ணாடிக் குழாய், சாராய விளக்கு, காந்தம், பூதக்கண்ணாடி எல்லாம் அதில் இருக்கிறதாம். ஏதாவது உடைந்தால் யார் பதில் சொல்வது என்று பயந்து, வந்த அன்றைக்கே பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்களாம். இதை வந்து சொன்ன இளம் ஆசிரியை, "உங்க காலத்துல இந்தப் பெட்டிகூடக் கிடையாதே டீச்சர், எதை வச்சு விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"பூந்திக்கொட்டையை வச்சு" என்றேன்.

வயசானவள் ஏதோ வேடிக்கையாகச் சொல்லுகிறாள் என்று நினைத்துச் சிரித்தாள். துணிக்கும் தலைக்கும் தேய்க்கிற அந்தக் கொட்டையை வைத்துத்தான் நான் வேலையைத் தொடங்கினேன். அதனாலேயே வேலை போகவும் இருந்தது. அதைக் காப்பாற்றிக் கொடுத்தவரைப் பற்றி நான் இதுவரை ஒரு வரிகூட எழுதியதில்லை. அதற்காகத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் பாளையங்கோட்டையில் ஆசிரியைப் பயிற்சி முடித்தேன். அங்கே இயற்கைப் பாடம் எடுத்தவர் ஒரு வெள்ளைக்காரத் துரைசானி. அவருடைய புத்தகத்தில் 'ஹார்ஸ் செஸ்ட்நட்' என்று ஒரு காய். அவர்கள் ஊரில் இலையுதிர் காலத்தில் தானாக விழுமாம். பிள்ளைகள் பொறுக்கி, துளைபோட்டு நூலில் கோப்பார்களாம், தீக்குச்சி குத்திப் பொம்மை செய்வார்களாம், தண்ணீரில் ஊறவைத்து நுரை எடுப்பார்களாம். துரைசானியின் மேசை இழுப்பறையில் வற்றிப்போன காய் ஒன்று இருந்தது. அதைக் கையில் தராமல் தூரத்தில் வைத்துக் காட்டுவார். நாங்களும் கண்ணால் பார்த்ததோடு சரி, நெட்டுருப் போட்டு எழுதினோம். அந்தப் பாடத்தில் நான்தான் முதல்.

தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. அப்பாவுக்குக் கண்பார்வை போய்விட்டிருந்ததால் வீட்டில் உலை கொதிப்பது என் சம்பளத்தில்தான். வருகிற இன்ஸ்பெக்ஷனில் நல்ல ரிப்போர்ட் கிடைத்தால் வேலை நிரந்தரமாகும். கிடைக்காவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

தலைமையாசிரியையின் பெயர் கோமதி அம்மாள். எல்லாருக்கும் அவர் பெரிய டீச்சர். குட்டையான உருவம், கனத்த மூக்குக் கண்ணாடி. யாரையும் அதட்டிப் பேசமாட்டார். எங்களைப்போல இளையவர்களை 'நீ' என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் 'நீங்க' என்பார். "என்ன ஞானம், சாப்பிட்டியா?" என்று கேட்டால் உலகம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். "டீச்சர், நீங்க கொஞ்சம் வாறீங்களா?" என்று கேட்டால் என்ன தப்புச் செய்தோம் என்று யோசித்துக்கொண்டே போவோம். அந்த மரியாதைக்குப் பயந்தே நாங்கள் ஒழுங்காக இருந்தோம்.

முதல் வாரம் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். 'மாணவிகள் குதிரைச் செஸ்ட்நட் காய்களைப் பொறுக்கி வருவர்' என்று அழகான கையெழுத்தில் தொடங்கியிருந்தேன். பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார்.

"ஏ ஞானம், இந்தக் குதிரைக் காய் மரம் நம்மூர்ல எங்கன நிக்குது?"

"இங்க கிடையாதும்மா. சீமையில."

"அப்ப பிள்ளைக கப்பல் ஏறிப் போயி பொறுக்கிட்டு வருமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் விடவில்லை. அந்தக் காய் என்னென்ன செய்யும் என்று சொல்லச் சொன்னார். பளபளப்பாக இருக்கும், கோக்கலாம், பொம்மை செய்யலாம், நுரைக்கும், தின்னக் கூடாது என்று ஒப்பித்தேன்.

"இம்புட்டுதானே? இதெல்லாம் செய்யுத காய் இங்கன ஒண்ணு இருக்கு. சனிக்கெழம காலையில வா, காட்டுதேன்."

சனிக்கிழமை குற்றாலம் ரோட்டில் நடந்தோம். மலையடிவாரத்தில் ஒரு தோப்பு ஓரமாக நின்ற மரத்தடியில், சுருங்கிய மஞ்சள் தோலோடு கொத்துக் கொத்தாக விழுந்து கிடந்தன. ஒன்றை எடுத்துக் காதருகில் வைத்துக் குலுக்கிக் காட்டினார். உள்ளே கொட்டை உருண்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது நம்ம பூந்தில்லாம்மா! எங்க அம்மா சேலை அலசுறது" என்றேன். "பொறவு எதுக்குட்டி சீமைக்குப் போன?" என்றார்.

அப்படித் தொடங்கியது எங்கள் பாடம். காயை ஊறவைத்தால் தோல் மெதுவாகும். அதில் கருவேல முள்ளால் துளையிட்டு ஈர்க்கு செருகி, நாலு கால் வைத்துக் கழுத்து வைத்தால் குதிரை. குதிரைக் காயில் செய்யக் கிடைக்காத குதிரையைப் பூந்திக் காயில் செய்துவிட்டோம். தோலை உரித்தால் கறுப்பு மணி. அதை வைத்துக் கணக்கு. தோலை நசுக்கிய தண்ணீரைப் பப்பாளி இலைத் தண்டில் தொட்டு ஊதினால் குமிழி. ஒரு பிள்ளை ஊதுவதற்குப் பதில் உறிஞ்சிவிட்டு வாந்தியெடுத்தது. அதன் பிறகு 'ஊதணும், உறியப்படாது' என்று வகுப்பே கூட்டாகச் சொல்லிவிட்டுத்தான் தண்டை வாயில் வைக்கும். பெரிய டீச்சர் போட்ட சட்டம் அது.

பள்ளிக்கூடத்துக் கிணறு உப்புத் தண்ணீர். அதில் பார் சோப்பைக் கரைத்தால் திரிந்த பால்போல மிதக்கும், நுரையே வராது. அருவித் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து அதே சோப்பைப் போட்டால் பொங்கும். பூந்தியோ இரண்டு தண்ணீரிலும் ஒரே மாதிரி நுரைக்கும். இதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பிள்ளைகள் வாயைப் பிளக்கும். ஏன் என்று ஒருத்தி கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. "தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லு. கேட்டுச் சொல்லுதேன்னு சொல்லு. ஆனா கேட்டுச் சொல்லிரணும்" என்றார் பெரிய டீச்சர். திருநெல்வேலியில் காலேஜ் வாத்தியார் ஒருவரை விசாரித்து, உப்புத் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பு சோப்பைப் பிடித்துக்கொள்கிறது, பூந்தியை அதனால் பிடிக்க முடிவதில்லை என்று வந்து சொன்னதும் அவர்தான்.

மூன்றாம் வகுப்பில் பேச்சி என்று ஒரு பிள்ளை. துணி வெளுக்கிற வீடு. வகுப்பில் பாதிப் பேருடைய பாவாடை அவள் வீட்டில் வெளுத்து வந்ததுதான். ஆனாலும் அவள் கடைசியில் சுவரோரம் தள்ளித்தான் உட்காருவாள். அவள் தொட்டதை மற்றவர்கள் தின்னமாட்டார்கள். அப்படித்தான் இருந்தது காலம், மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது? பெரிய டீச்சர் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்த புதிதில், பேச்சி வீட்டைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள் தண்ணீர்ப் பானையைத் தொடக் கூடாது என்று இருந்ததாம். இவர் யாரிடமும் வாதாடவில்லை. பானையைத் தூக்கித் தன் மேசைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எல்லாப் பிள்ளைக்கும் தானே மொண்டு ஊற்ற ஆரம்பித்தார். யாருமே தொடாத பானையில் யார் தொட்டது என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று.

அந்த ஆனி மாதம் டெபுடி இன்ஸ்பெக்டர் வருவதாகத் தகவல் வந்தது. எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களை இன்ஸ்பெக்டர்கள் எப்போதும் சாரல் நேரத்தில்தான் சோதிப்பார்கள். காரணம் குற்றாலத்து அருவிக்குத் தெரியும். இவர் புதியவர். அருவிக்கும் போகமாட்டார், எதற்கும் மசியமாட்டார் என்று பேச்சு. எங்கேயோ ஒரு வாத்தியார் இளநீர் வெட்டி நீட்டியதற்காக ரிப்போர்ட்டில் ஒரு பத்தி எழுதிவிட்டாராம். எங்கே போனாலும் கூஜாவில் தன் தண்ணீரைத் தானே கொண்டுபோவார். பள்ளிக்கூடத்தில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டார். அது நேர்மையா, ஆசாரமா என்று எங்களுக்குள் பெரிய தர்க்கமே நடந்தது.

மூன்றாம் வகுப்புக்கு நான் பூந்திப் பாடம் எடுத்துக் காட்டுவது என்று முடிவாயிற்று. புது வருஷத்தில் அப்போதுதான் அந்த வகுப்புக்கு வந்த பிள்ளைகளுக்கு அது புதுப் பாடம். ஒரு பழைய பானையில் சேர்த்துவைத்திருந்த கொட்டையெல்லாம் சாரல் ஈரத்தில் பூசணம் பிடித்துப் போயிருந்தது. அதனால் முந்தின நாள் சாயங்காலம் மணி அடிக்கும்போது வகுப்பில் சொன்னேன்: "நாளைக்கு இன்ஸ்பெக்டர் ஐயா வாறாங்க. ஆளுக்கு ஒரு கை பூந்தி கொண்டாங்க. மறந்திராதீங்க."

நான் பிறந்த ஊர் செம்மண் தேரிக்காட்டுப் பக்கம். அங்கே இனிப்பு என்றால் கருப்பட்டிதான். பூந்தி என்று ஒரு பலகாரம் உண்டு என்று காதால் கேட்டிருக்கிறேன், வாயில் போட்டதில்லை. ஆகவே எங்கள் வீட்டில் பூந்தி என்றால் கொட்டை ஒன்றுதான், அதற்குப் பின்னால் 'கொட்டை' என்று ஒட்டுப்போட வேண்டிய அவசியமே வந்ததில்லை. தென்காசியில் வீட்டுக்கு வீடு கதை வேறு என்பது எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை வகுப்பு வாசலிலேயே ஏலக்காய் மணத்தது.

தூக்குச் சட்டியில், ஓலைக் கொட்டானில், வாழையிலைப் பொட்டலத்தில், ஒவ்வொரு பிள்ளை முன்னாலும் பூந்தி. மஞ்சள் பூந்தி, சிவப்புக் கலந்த பூந்தி, நெய் வழிகிற பூந்தி. அரிசி மண்டிக்காரர் மகள் செண்பகம் ஒரு பித்தளைத் தூக்கையே கொண்டுவந்திருந்தாள்.

"எங்கம்மா ராத்திரியே செஞ்சுட்டாங்க டீச்சர். ஏலக்காய், கிராம்பு எல்லாம் போட்டிருக்கு. இன்ஸ்பெக்டருக்கு இது போதுமா, இன்னும் வேணுமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

இளநீருக்கே பத்தி எழுதினவர். ஒரு வகுப்பையே வசூலுக்கு அனுப்பின ஆசிரியையை என்ன செய்வார்? அப்பாவின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது.

பெரிய டீச்சர் உள்ளே வந்தார். ஒரு சுற்றுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

"டீச்சர், நீங்க கொஞ்சம் இங்கன வாறீங்களா?"

வராந்தாவில் நின்று நடந்ததைச் சொன்னேன். குரல் பாதியில் உடைந்துபோயிற்று. "எல்லாத்தையும் எடுத்து ஸ்டோர் ரூம்ல வச்சுப் பூட்டிரட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

"ஒளிச்சு வச்சா அது லஞ்சம். முன்னால இருந்தா அது வெறும் பூந்தி. இருக்கட்டும். நீங்க அழாதீங்க, பிள்ளைக பாக்குது."

அதற்குள் வாசலில் வண்டி வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் உயரமான மனிதர். தலைப்பாகை, கோட்டு, கையில் கூஜா. வகுப்புக்குள் ஒரு கால் வைத்தவர் அப்படியே நின்றார். பிள்ளைகள் எழுந்து "வணக்கம் ஐயா" என்று பாடின. அவர் பார்வை ஒவ்வொரு பொட்டலமாக நகர்ந்தது.

"இது என்ன ஏற்பாடு?"

"பாடத்துக்குச் சாமான் கொண்டுவரச் சொன்னோம். பிள்ளைக கொண்டாந்திருக்கு" என்றார் பெரிய டீச்சர்.

"பூந்தியில் என்ன பாடம் அம்மா இருக்கிறது?"

நான் முன்னால் வந்து, நான் சொன்னது பூந்திக்கொட்டையை, பிள்ளைகள் பலகாரம் என்று எடுத்துக்கொண்டார்கள் என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமைதான் பயமாக இருந்தது.

"அப்படியானால் ஒரு பிள்ளையாவது கொட்டையைக் கொண்டுவந்திருக்க வேண்டுமே. இத்தனை பேரும் ஒன்றுபோலவா தப்பாக எடுத்துக்கொள்வார்கள்?" பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "யாராவது பூந்திக்கொட்டை கொண்டுவந்திருக்கிறீர்களா?"

பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அவர் கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திருகினார்.

அப்போதுதான் பார்த்தேன். சுவரோரம் பேச்சி ஒரு துணி முடிச்சைக் காலுக்கடியில் தள்ளி, பாவாடையால் மூடிக்கொண்டிருந்தாள். உலகமே பலகாரம் கொண்டுவந்திருக்கிற இடத்தில், தான் ஒருத்திதான் தப்பாகக் கொண்டுவந்துவிட்டோம் என்று அவளுக்கு நினைப்பு. அதை அவிழ்த்தால் இன்னார் வீட்டுப் பிள்ளை என்று வந்தவருக்கும் தெரிந்துபோகும். என் வாய் வரைக்கும் வந்துவிட்டது, 'பேச்சி, எடுத்துக் காட்டு!' என்று. பெரிய டீச்சர் என் கையைப் பிடித்து அழுத்தினார். அவரும் பார்த்துவிட்டிருந்தார்.

அந்த அம்மாள் அடுத்துச் செய்ததை நான் ஓய்வு பெறுகிறவரை வகுப்பில் நினைத்துப் பார்க்காத நாளில்லை. ஒரு சொல் கட்டளையிடவில்லை. கைவேலைப் பெட்டியிலிருந்து தையல் ஊசி ஒன்றை எடுத்தார். வாயகன்ற ஒரு கும்பாவில் தண்ணீர் மொண்டு வகுப்பின் நடுவில் தரையில் வைத்து, தானும் தரையில் உட்கார்ந்தார்.

"ஏட்டி பிள்ளைகளா, இந்த ஊசியைத் தண்ணியில போட்டா என்னாகும்?"

"இரும்புல்லா, முங்கிரும்!" என்றாள் செண்பகம்.

பெரிய டீச்சர் ஊசியைத் தன் தலைமுடியில் இரண்டு தரம் இழுத்து எண்ணெய் ஏற்றினார். நூல் ஒன்றை வளைத்து அதன்மேல் ஊசியைப் படுக்கவைத்து, தண்ணீர்மேல் பூப்போல இறக்கி, நூலை மெல்ல உருவினார். ஊசி மிதந்தது. பிள்ளைகள் பொட்டலத்தை மறந்து முட்டிபோட்டுச் சுற்றிக் கூடின. இன்ஸ்பெக்டரின் பேனா கையிலேயே நின்றுவிட்டது.

"தண்ணிக்கு மேல ஒரு தோல் இருக்கு. நம்ம கண்ணுக்குத் தெரியாது. ஊசி அதுக்கு மேல படுத்துக் கிடக்கு. இப்ப இதைத் தொடாம, ஆட்டாம, ஒரே ஒரு சொட்டுல முங்க வைக்கலாம். அந்தச் சொட்டு என்னன்னு எனக்குத் தெரியும். ஆனா எங்கையில இல்லையே, என்ன செய்ய?"

சொல்லிவிட்டு ஊசியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சுவரோரம் திரும்பக்கூட இல்லை. கொஞ்ச நேரத்தில் பாவாடை உரசுகிற ஓசை. பேச்சி நின்றுகொண்டிருந்தாள்.

"பெரிய டீச்சர், எங்க வீட்டுல பூந்தின்னா இதான். நான்தான் தப்பாக் கொண்டாந்துட்டேன். இது ஆகுமா?"

"ஆகுமாவா? வாட்டி, வந்து இங்கன உக்காரு."

பிள்ளைகள் வழிவிட்டன. பேச்சி முடிச்சை அவிழ்த்து, காயை உடைத்துத் தோலை எடுத்து, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே உருட்டினாள். வெள்ளை நுரை விரல் இடுக்கெல்லாம் பொங்கியது. "அதுல ஒரு சொட்டு. கும்பா ஓரத்துல விடு" என்றார் பெரிய டீச்சர். விட்டாள். ஊசி ஒரு பக்கமாக விலகி ஓடி, சட்டென்று முங்கி அடியில் போய்ப் படுத்தது.

வகுப்பு கத்திய கத்தில் பக்கத்து வகுப்பு எட்டிப் பார்த்தது.

"இன்னொரு தரம் செய்யுங்கள்" என்றது ஒரு குரல். இன்ஸ்பெக்டர் கோட்டோடு தரையில் உட்கார்ந்திருந்தார். கும்பாவைக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றி மறுபடி செய்தோம். அந்தத் தரம் ஊசியை இறக்கியது அவர். முதலில் அவருக்கு முங்கிவிட்டது. பிள்ளைகள் சிரித்தன, அவரும் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "பாடத்தை நடத்துங்கள் டீச்சர்" என்றார். நடத்தினேன். குதிரை செய்தோம், குமிழி ஊதினோம், 'ஊதணும், உறியப்படாது' என்று அவரும் சேர்ந்து சொன்னார்.

முடிந்ததும் பெரிய டீச்சர் ஓலையில் முடைந்த ஒரு புதுச் சுளகில் வெள்ளைத் துணியை விரித்து எல்லார் பூந்தியையும் ஒன்றாகக் கொட்டச் சொன்னார். மண்டிக்கார வீட்டுப் பூந்தியும் மற்ற வீட்டுப் பூந்தியும் கலந்துபோயின.

"பேச்சி, கைய நல்லாக் கழுவிட்டு வா. கசக்கும். நீதான் எல்லாருக்கும் பகிரணும்."

பேச்சி சுளகைத் தூக்கிக்கொண்டு முதல் வரிசையில் வந்து நின்றாள். ஒரு கையும் நீளவில்லை. பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை, வீட்டில் பழக்கினது அப்படி. செண்பகம் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சி சுளகைத் தன் பக்கமாக இழுத்து அணைத்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் எங்களைத் திரும்பிப் பார்த்தார், பிறகு பேச்சியைப் பார்த்தார். எனக்கு அவருடைய கூஜாதான் கண்ணில் பட்டது.

அவர் எழுந்தார். கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்து, பேச்சி முன்னால் குனிந்து வலது கையை நீட்டினார்.

"முதலில் எனக்குப் போடம்மா."

பேச்சி ஒரு கை அள்ளிப் போட்டாள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஒரு வாய் தண்ணீர் குடிக்காத மனிதர், அங்கேயே நின்று, ஒன்றுவிடாமல் தின்றார். "ஏலக்காய் நன்றாக விழுந்திருக்கிறது. யார் வீட்டில் செய்தது?" என்று கேட்டார். செண்பகத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க வீட்டுலதான் ஐயா!" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டிவிட்டாள். அதற்குப் பிறகு கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நீண்டன. இரண்டு பிள்ளைகள் மட்டும் நீட்டவில்லை. அவர்களைப் பெரிய டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சில வீடுகளிலிருந்து சண்டைக்கு வந்தார்கள். அவர்களுக்கும் வாசலில் நின்று அவரே பதில் சொல்லி அனுப்பினார், என்னை வெளியே வரவிடவில்லை.

இன்ஸ்பெக்டர் மேசையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். என்ன எழுதுகிறார் என்று தெரியவில்லை. நான் கரும்பலகையோரம் ஒட்டிக்கொண்டு நின்றேன். பேச்சி கடைசியாக என்னிடம் வந்தாள். டீச்சருக்குக் கொடுக்கலாமா கூடாதா என்று அவளுக்குத் தயக்கம். நானோ அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டு கை நீட்டாமல் நின்றேன்.

பெரிய டீச்சர் இன்ஸ்பெக்டரின் தோளுக்கு மேலாக அந்தத் தாளை ஒரு தரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றாமலே என் பக்கம் திரும்பினார்.

"என்ன ஞானம், இப்படி மரம் மாதிரி நிக்குத? நீயும் கைய நீட்டு."

காலையிலிருந்து இருந்த 'நீங்க' போய் மறுபடி 'நீ' வந்துவிட்டது. நீட்டினேன். எனக்கு ஒரு கை போட்டுவிட்டு, சுளகில் மிஞ்சியதைப் பேச்சி தன் வாயில் போட்டுக்கொண்டாள். அன்றைக்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் முதன்முதலாகப் பூந்தி தின்றோம்.